கன்னி நாய்க்கு நிற்கக் கற்றுக்கொடுத்தவர்: பூதப்பாண்டிப் பக்கத்துப் பயிற்சி எப்படி?

பூதப்பாண்டியிலிருந்து தடிக்காரன்கோணம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பு. போலீஸ் மோப்பநாய்ப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். போர்டு கிடையாது, யூடியூப் சேனல் கிடையாது, விசிட்டிங் கார்டுகூடக் கிடையாது. இதை எழுதப்போகிறேன் என்றதும் பெயரும் நம்பரும் வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். "போட்டீருன்னா நாளைக்கே பத்துப் பேரு, பன்னி பிடிக்கப் பழக்கித் தாரும்னு வந்து நிப்பானுவ." அதனால் இங்கே அவர் வெறும் அண்ணாச்சி. அந்தப் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டோரத்தில் விளை (எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கு அதுதான் பேர்) வைத்துக்கொண்டு, ஓட்டமுள்ள நாய் வளர்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் காசைக் கொடுக்கலாம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் கை கொடுக்கப் பழக்க வேண்டும் என்பவர்கள் போக வேண்டாம். அதையெல்லாம் அவர் செய்ய மாட்டார், கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கீரிப்பாறைப் பக்கம் மாமனார் வழியில் வந்த ஒரு சின்ன விளை இருக்கிறது. மேலே ரப்பர், நடுவில் ஏத்தன் வாழை, கீழே மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. மேல் எல்லைக் கல்லைத் தாண்டினால் காடு. கோவில்பட்டியில் இருக்கிற மச்சினன் கன்னி என்கிற நாட்டு வேட்டைநாய் இனத்துக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் போனான். கறுப்பு உடம்பு, புருவத்திலும் காலிலும் செம்மண் நிறம். மைனா என்று பெயர் வைத்தோம். ஆறு மாதம் வரைக்கும் திண்ணையில் சுருண்டு கிடந்த அதே பிராணி, ஒரு நாள் ரப்பர் வரிசைக்குள் முயல் ஒன்று எழும்பினதும் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. பால்வெட்டுகிற அக்கா சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள். முயல் தப்பியது. ஆனால் மைனா மேல் எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம் போய், வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

கோர்ட் வேலை பார்க்கிறவனுக்கு அந்தக் கல் சாதாரணக் கல் இல்லை. அதற்கு அந்தப்பக்கம் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். 2008-இல் அறிவித்தது, ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தில் கால்வாசி. ஆரல்வாய்மொழி மலையிலிருந்து பத்துகாணி, ஆறுகாணி வரைக்கும் விளை வைத்திருக்கிற நம்மில் பலருக்கு அதுதான் பக்கத்து வீட்டுக்காரன்.

நம் ஊரில் நாய் வளர்க்கிறவர்களில் பாதிப்பேருக்கு இன்னமும் ஒரு நினைப்பு உண்டு. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை, சுருக்குக் கம்பி வைத்தால்தான் வேட்டை, நாய் ஓடிப்போய்ப் பிடித்தால் அது நாயின் குணம், நமக்கென்ன என்று. 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அப்படிப் பேசவில்லை. வேட்டை என்பதற்கு அது தருகிற விளக்கத்தில் கொல்வது, விஷம் வைப்பது மட்டுமில்லாமல், பிடிப்பது, ஓடவிட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாம் வருகிறது. இதில் எதற்கு முயற்சி செய்தாலும் வேட்டைதான். முயல் தப்பித்துவிட்டது, பன்றி ஓடிவிட்டது என்பது பதில் ஆகாது. நாயை ஏவிவிட்டாயா, அது தானாக ஓடிற்றா என்பதுதான் கேள்வி. ஏவிவிட்டதற்கு இந்தக் காலத்தில் சாட்சியைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. அவனவனே "பிடிடா, பிடிடா" என்று சத்தத்தோடு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறான்.

2022-இல் சட்டத்தைத் திருத்தி, எந்தப் பிராணிக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்கிற அட்டவணைகளை 2023 ஏப்ரல் 1 முதல் மாற்றி அடுக்கினார்கள். நமக்கு வேண்டியது இவ்வளவுதான். காட்டுப்பன்றியும் முயலும் இரண்டாம் அட்டவணை. மிளா (கடமான்), சருகுமான், உடும்பு, மயில் எல்லாம் முதல் அட்டவணை. பொதுவாக 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணைப் பிராணி என்றால் குறைந்தது 3 வருஷம், போனால் 7 வருஷம், அபராதம் 25,000 ரூபாயிலிருந்து ஆரம்பம். பலரும் கவனிக்காமல் விடுவது அடுத்த வரியை. சரணாலயத்துக்குள் நடந்த வேட்டை என்றால் அட்டவணை எதுவாக இருந்தாலும் இந்தக் கூடுதல் தண்டனைதான். விளைக்குள் துரத்திய முயல் 3 வருஷம் வரை, கல்லைத் தாண்டித் துரத்திய முயல் 3 வருஷத்திலிருந்து. இது தெரிந்த பிறகு மைனாவை அவிழ்த்துவிட எனக்குக் கை வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிழங்கில் பன்றி விழுந்தது. மரச்சீனி போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டாம், ஒரு ராத்திரியில் வரிசை வரிசையாகக் கிளறி, பாதி தின்று, பாதியைச் சவட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "அதான் நாயிருக்கே. கூட ரெண்டு எண்ணத்தை வாங்கி விடும். ஒரு வாரத்துல பன்னி இந்தப் பக்கமே வராது."

யோசனையைக் கேட்கவில்லை, ஆனாலும் சந்தையில் என்ன நடக்கிறது என்று பார்க்க நாய்க்குட்டி விற்கிற ஒரு பண்ணைக்குப் போனேன். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அண்ணாச்சியின் அருமை அங்கே போன பிறகுதான் முழுசாகப் புரிந்தது. எந்தப் பண்ணை என்று எழுதப்போவதில்லை. வாசலில் பல்லைக் காட்டுகிற காட்டுப்பன்றிப் படம் போட்ட பெரிய பேனர். உள்ளே தகரக் கொட்டகையில் வெயில் காய்கிறது, கூண்டுக்குள் தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து கிடக்கிறது. உரிமையாளர் குட்டியைக் காட்டுவதற்கு முன்னால் போனைக் காட்டினார். எங்கோ ஒரு ஓடையில் நாலைந்து நாய்கள் ஒரு பன்றியைச் சுற்றி வளைத்து, காதிலும் தொடையிலும் தொங்குகிற வீடியோ. "இதோட தகப்பன்தான் சார் அந்த வெள்ளை" என்றார் பெருமையாக.

"இது கேஸ் ஆகுமே தம்பி?"

"என்ன சார், இப்போ பன்னியைச் சுடலாம்னு கவர்மென்டே சொல்லிட்டே."

அரசாங்கம் சொன்னது உண்மை. ஆனால் சொன்னது அது இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு வரையறை கொண்டுவந்தது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். விளைக்காரன் கையில் துப்பாக்கியும் இல்லை, அவன் நாய்க்கு அதில் வேலையும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் இருப்பதால், அங்கே நடக்கிறதைக் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் நடக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மனித உயிரைக் காத்துக்கொள்ள, நல்லெண்ணத்தோடு, வேறு வழியில்லாமல் கொன்றால் குற்றமில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. கிழங்கைக் காத்துக்கொள்ள என்று அந்த இடத்தில் இல்லை. பயிர்ச் சேதத்துக்கு அனுமதி என்பது தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் தர வேண்டியது.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார். 2017-ஆம் வருஷத்து நாய் இனப்பெருக்க விதிப்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டுமே, சான்றிதழ் எங்கே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அங்கே கண் சரியாகத் திறக்காத குட்டிக்கே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிடிக்கிற திறமையைச் சொல்லி நாய் விற்கிறவன், நாயோடு ஒரு வழக்கையும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுக்கிறான். நட்சத்திரம் போட வேண்டும் என்றால் அந்த இடத்துக்கு நான் ஒன்றுகூடத் தர மாட்டேன்.

சரி, அண்ணாச்சியிடம் வருகிறேன்.

முதல் நாள் நாயைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து என்னைத்தான் கேள்வி கேட்டார். விளை எங்கே, காட்டுக்கு எவ்வளவு தூரம், வேலி என்ன, ராத்திரி நாய் எங்கே படுக்கிறது, வீட்டில் யாராவது முயல் பிடிப்பார்களா. கடைசிக் கேள்விக்கு நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். இந்தப் பயிற்சியை எந்தக் காட்டு விலங்கையும் பிடிக்கவோ துரத்தவோ பயன்படுத்த மாட்டேன் என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டில் செல்லுமா என்றால் பெரிதாகச் செல்லாது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் எழுந்து போன ஆட்கள் உண்டு என்றார். அந்தத் தாளின் வேலையே அதுதான்போல.

மைனாவின் கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் அதைக் கழற்றித் தூரப் போட்டார். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து அதைவிடப் பருமன். சாதாரணப் பட்டையைப் போட்டால் பின்னால் இழுத்த மாத்திரத்தில் தலை நழுவி வெளியே வந்துவிடும். அகலமான பட்டை, இழுத்தால் கொஞ்சம் இறுகி, விட்டால் தளர்கிற மாதிரி தைத்தது ஒன்றை அவரே கொடுத்தார். அதற்குத் தனிக்காசு, 350 ரூபாய். அதோடு நெஞ்சைச் சுற்றி ஒரு வார். ஓடுகிற நாயைக் கழுத்தில் பிடித்து நிறுத்தினால் கழுத்து போய்விடும் என்பதால் நீளக் கயிறு நெஞ்சு வாரில்தான்.

அந்தக் கயிறுதான் பயிற்சியில் பாதி. பத்து மீட்டர் இருக்கும், பருத்தி, வழவழப்பு இல்லாதது. நைலான் கயிறு கொண்டுபோனேன், பார்த்தவுடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். கையை அறுக்குமாம். பருத்திக் கயிறே அறுத்தது என்பது வேறு விஷயம். பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பிடிக்கலாம் என்பது பக்கத்தில் பயிற்சிக்கு வந்த அருமநல்லூர்க்கார அக்கா சொல்லிக்கொடுத்தது.

சாதாரண நாட்டுநாய்கள் வந்தால் அவற்றுக்கு வாசனை வைத்துப் பழக்குகிறார். கன்னிக்கு அது வேண்டாம் என்றார். "இது மூக்கால ஓடுத சாதியில்ல, கண்ணால ஓடுதது. அசைஞ்சாத்தான் அதுக்கு உசிரு வரும்." அதனால் அவருடைய பேரன் ஒரு பழைய டி.வி.எஸ். மொபெட்டில் கிழிந்த சாக்குத்துண்டைக் கயிற்றில் கட்டி, தென்னை வரிசைக்கு நடுவே இழுத்துக்கொண்டு போவான். முதலில் மெதுவாக, தூரத்தில். மைனாவின் காது மடங்கும், பின்கால் நடுங்கும், கயிறு விறைக்கும். அந்த நொடியில் "விடு" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை சொன்னால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். "முதல் தடவை சொன்னது எதுக்கு? காத்துக்கா?" சொல்லிவிட்டுக் கயிற்றை இழுக்கவும் கூடாது. பாதத்தை ஊன்றி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாய் தானாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கிற கணத்தில் மட்டும் அவித்த மாட்டு ஈரல் ஒரு துண்டு. முகத்தைப் பார்க்காமல் வெறுமனே நின்றால் ஈரல் கிடையாது.

ஓடுகிற நாயைத் திரும்பிக் கூப்பிடுவது இரண்டாவது பாடம். நில் என்றால் ஓட்டத்தின் நடுவிலேயே படுப்பது மூன்றாவது. ரப்பர்ச் சருகு கிடக்கிற சரிவில் நாயை அழைத்துப்போய், எல்லையில் சிவப்புத்துணி கட்டின குச்சிகளை நட்டு, அந்த வரிசையைத் தாண்டாமல் உள்ளே நின்று குரைக்கப் பழக்குவது கடைசி. எனக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பாடம்தான். ஆனால் முதல் மூன்றும் இல்லாமல் அதற்குப் போக அவர் விட மாட்டார்.

இடையிடையே அவர் சொல்கிற விஷயங்களுக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். ஒன்று, நாய் செத்த முயலைக் கவ்விக்கொண்டு வந்து திண்ணையில் போட்டால் என்ன செய்வது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கு அரசாங்கச் சொத்து, எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். இது சட்டத்தின் 39-ஆம் பிரிவு. சொல்லாமல் சட்டியில் போட்டால் 57-ஆம் பிரிவு காத்திருக்கிறது. கறி உன்னிடம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்கிற பாரம் உன் தலையில். சாதாரண கிரிமினல் வழக்குக்கு இது தலைகீழ். நான் கட்டுக்கட்டாகப் புரட்டின விஷயத்தை, அண்ணாச்சி தென்னைமரத்தில் சாய்ந்துகொண்டு இரண்டே வாக்கியத்தில் சொன்னார். "தூக்காத. போன் போடு."

இன்னொன்று ராத்திரி விஷயம். காட்டோரத்தில் நாயைத் திறந்தவெளியில் கட்டிப்போட்டால் அது சிறுத்தைக்கு வைத்த சாப்பாடு. 2023-இல் சிற்றாறு, பத்துகாணிப் பக்கம் புலி இறங்கி ஆடு மாடுகளை அடித்தபோது அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. அதனால் ராத்திரி மைனா வீட்டுக்குள்தான். பிறகு பன்றிக்கு நாய் எப்படிக் காவல் என்று கேட்கலாம். சாயங்காலம் இருட்டுகிற நேரமும் விடியற்காலையும் அது எல்லைக்குள் நடந்து குரைக்கிறது, மூத்திரம் பெய்து வைக்கிறது. நடு ராத்திரிக்கு வேலிதான். சோலார் வேலி போடுகிறவர்கள் 2023-ஆம் வருஷத்து மின்வேலி விதிகளைப் பார்த்துவிட்டுப் போடுங்கள், காட்டுக்குப் பக்கத்தில் பதிவு செய்யாமல் போட முடியாது.

தடுப்பூசிச் சீட்டு இல்லாமல் நாயைத் தோப்புக்குள் விடமாட்டார். வெறிநாய்க்கடி ஊசி மட்டும் போதாது, டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய்க்கான ஊசியும் வேண்டும். அது நம் நாய்க்காக மட்டும் இல்லை. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது அந்த வைரஸ்தான் பேசப்பட்டது. நம் நாய் காட்டுக்குள் ஓடினால் மிளாவுக்கு மட்டும் ஆபத்து என்று நினைத்திருந்தேன். செந்நாய்க்கும் சிறுத்தைக்கும்கூட நாம் கொண்டுபோய்க் கொடுக்க முடியும்.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பையன், மார்த்தாண்டத்துக்காரன், ஒரு நாள் கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வி கேட்டான். உயிருள்ள பிராணியைத் துரத்தினால்தானே குற்றம், பன்றி வாசனையைத் துணியில் தடவி இழுத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் நாய் தானாகப் போனால்? என் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். நம் மாவட்டத்தில் யாருக்குத்தான் வெளிநாட்டில் ஒரு நர்ஸ் தங்கச்சி இல்லை. அவள் ஒரு தடவை போனில் சொன்ன கதை அப்போது நினைவுக்கு வந்தது. குதிரையில் ஏறி, நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்துவது அங்கே துரைமார்களின் பழைய பொழுதுபோக்கு. ஸ்காட்லாந்து 2002-இல் தடை போட்டது, பிறகு 2023-இல் புதுச் சட்டம் போட்டு இன்னும் இறுக்கியது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2004-இல் சட்டம் வந்து, 2005 பிப்ரவரி 18 முதல் நடப்புக்கு வந்தது. அதிலே விதிவிலக்குகள் உண்டு. எலியையும் குழிமுயலையும் நாய் வைத்துப் பிடிக்கலாம், நிலத்துக்காரன் சம்மதத்தோடு. சில நிபந்தனைகளோடு இரண்டு நாய் வரை வைத்துப் புதரிலிருந்து கிளப்பி, கிளம்பினதைச் சுடலாம். குதிரைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், வாசனைத் தடம் போட்டு நாய்களை ஓடவிட ஆரம்பித்தார்கள். தடத்தை விட்டு நாய்கள் நிஜ நரியின் பின்னால் போய்விட்டால் தற்செயல். அந்தத் தற்செயல் அடிக்கடி நடக்கிறது என்பது எதிர்க்கிறவர்களின் புகார். 2024 தேர்தலில் தொழிற்கட்சி அதையும் தடுப்போம் என்று வாக்குக் கொடுத்தே ஓட்டுக் கேட்டது.

நம் சட்டத்தில் நாய்க்கென்று தனிக் கணக்கே இல்லை. ஒரு நாயா இரண்டா, கிளப்பினதா கடித்ததா என்கிற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. விரட்டினாலே வேட்டை. இங்கிலாந்தில் பிடிபட்டால் அபராதம்தான், ஜெயில் கிடையாது, இங்கே ஜெயில் உண்டு. எழுத்தில் பார்த்தால் நம்முடையது பல மடங்கு கடுமை. நடப்பில் எப்படி என்பதை என் தொழில் காரணமாக நான் பேசாமல் விடுகிறேன். மார்த்தாண்டத்துப் பையனுக்கு அண்ணாச்சி கொடுத்த பதில் இதைவிடச் சுருக்கம். துணியை வைத்து அவர் பழக்குவது, வாசனை வந்தால் திரும்பி வா என்பதற்குத்தான். "நீரு கேக்குதது வேற கடையில கிடைக்கும். இங்க இல்ல." பையன் அடுத்த நாள் வரவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ரசீது தர மாட்டார், ரொக்கம் மட்டும். ஒரு மாதத்துக்கு 6,000 ரூபாய், முழுவதும் முன்பணமாக. நாயை விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், சொந்தக்காரன் கூட நிற்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆரம்பம், ஐந்து நிமிஷம் பிந்தினால் அன்றைய பாடம் போச்சு. ஆபீஸ் போகிறவர்களுக்கு இது கஷ்டம். மழைக்காலத்தில் தோப்பு முழுக்க அட்டை, உட்கார இடமில்லை, பெண்கள் வந்தால் ஒதுங்க ஒரு மறைப்புக்கூட இல்லை. அருமநல்லூர் அக்கா அதை நேரிலேயே சொன்னாள், பார்க்கலாம் என்றார், நான் இருந்த வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வயது தாண்டி, ஏற்கனவே ரத்தச் சுவை கண்ட நாயை எடுக்க மாட்டார். திருப்பி அனுப்புவது நியாயமாகவே இருக்கலாம், ஆனால் அப்படிப்பட்ட நாயை வைத்திருக்கிறவனுக்குத்தானே இந்தப் பயிற்சி அதிகம் தேவை? அதைக் கேட்டேன். காலமெல்லாம் கயிற்றில் வை என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை.

இப்போது மைனா எப்படி இருக்கிறது என்றால், நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். கீரி ஓடினால் நிற்கிறது. மயில் பறந்தால் நிற்கிறது. முயலுக்கு மட்டும் இன்னும் பின்கால் நடுங்குகிறது, ஆனாலும் கூப்பிட்டால் திரும்புகிறது. பன்றிக்கூட்டம் ஒன்று கீழ்வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்ற சாயங்காலம், உள்ளே நின்றபடியே தொண்டை கிழியக் குரைத்தது, வேலியைத் தாண்டவில்லை. பன்றிகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்து விளைக்குப் போய்விட்டன. பக்கத்து விளைக்காரருக்கு என் மேல் வருத்தம். அவரிடமும் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

எலி, பெருச்சாளி விஷயத்தில் அண்ணாச்சி ஒன்றும் தடுக்கவில்லை. ரப்பர் ஷீட் காய்கிற புகைக்கூட்டுக்குள் மைனா பெருச்சாளி பிடிக்கிறது, அதற்கு இதுவரை யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தடுப்பூசிச் சீட்டின் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரிஜினலை அவர் வாங்கி வைத்துக்கொள்வார், திரும்ப வாங்க நாலு தடவை கேட்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் நீங்களே கொண்டுபோங்கள், ஒரே பாத்திரத்தில் பல நாய்கள் குடிப்பதை அவரும் விரும்ப மாட்டார். அவித்த ஈரலைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி எடுத்துப் போங்கள். கோழி ஈரலைக் காட்டிலும் மாட்டு ஈரல் கையில் குழையாமல் நிற்கிறது. மழை நாளில் போகிறவர்கள் மூக்குப்பொடியோ உப்போ மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அட்டைக்கு.